பெரும்பாணாற்றுப்படையில் இல்லடு கள்

சங்க நூல்களில் கள்ளைப் பற்றிய குறிப்புகள் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலன கள்ளை உண்டாரையும் ஊட்டினாரையும் பேசுவன. அதனை ஆக்கிய முறையைப் பேசுவன மிகச் சில. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ, 275 முதல் 281 வரையுள்ள ஏழடிகளில், அரிசியால் மது சமைக்கும் முறையை முதல் தொட்டு முடிவுவரை நிரல்படக் கூறுகின்றது. இவ்வடிகளை வலைஞர் குடியிருப்பின் வருணனை என்று மட்டும் கொண்டு கடந்து செல்லுதல் எளிது. ஆயின் அவை ஒரு தொழிலின் செய்முறை. அச்செய்முறையை உணர்ந்தாலன்றி அங்குள்ள சில சொற்களின் பொருள் தெளிவாகாது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நூல் பிறிதோரிடத்தில் (142) இல்லத்தே சமைத்த கள்ளைத் ‘தோப்பி’ எனக் குறிக்கின்றது. தோப்பி என்பது நெல்லாற் செய்த கள். பனையினும் தென்னையினும் இறக்கும் கள்ளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஈண்டு நோக்கத்தக்கது. பாளைச் சாற்றில் இனிப்பு இயல்பாகவே உண்டு. ஆகலின் கலத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதனைத் தானே மதுவாக்கிவிடும். அரிசியில் இருப்பதோ மாவு. ஈஸ்ட் மாவை உண்ணாது. எனவே மாவு முதலில் இனிப்பாதல் வேண்டும். அதன் பின்னரே இனிப்பு மதுவாதல் கூடும். உலக மக்கள் இதற்குப் பெரிதும் இரு வழிகளைக் கையாண்டனர். மேலைநாட்டார் பார்லியை முளைக்கச் செய்து பீர் சமைத்தனர். முளையில் தோன்றும் நொதி மாவை இனிப்பாக்கும். கீழைநாட்டார் பலர் பூஞ்சணம் படர்ந்த மாவடையைச் சோற்றிற் கலந்தனர். பூஞ்சணம் அதே பணியைச் செய்யும். தமிழர் கொண்ட வழி யாது என்பதே நம் முன் உள்ள வினா.

புலவர் கூறும் முறையைச் சுருக்கிக் காண்போம். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர், அதுவே ‘துழவை’. அதனை வாயகன்ற ‘பிழா’ என்னும் தட்டிலிட்டு ஆற்றுகின்றனர். ஆறிய களியில் ‘அடை’யைக் கலக்கின்றனர். அது இனிமை பெறுகின்றது. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. வலிய வாயினையுடைய சாடியில் ‘வழைச்சு’ அற, அதாவது இளமை நீங்க, அது முற்றி விளைகின்றது. இறுதியில் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்துக் கொள்கின்றனர்.

இவற்றுள் ஐயத்திற்கு இடமாவது ‘அடை’. இதனை முளை எனக் கொள்வது உரைமரபு. 1889ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையொடு பதிப்பித்த நாள்முதல் அம்மரபே பெரிதும் போற்றப்பட்டு வருகின்றது. அது பொருந்தாத உரையன்று; முளையும் மாவை இனிப்பாக்க வல்லது. ஆயினும் புலவர் அவ்வடைக்குக் கூறிய உவமையை நோக்குக. பாம்பு உறையும் புற்றிலுள்ள ‘குரும்பி’ போன்றது அது என்கின்றார். குரும்பியாவது புற்றாஞ்சோறு, துளைபட்ட பஞ்சு போன்ற உருவும், மேலே வெண்ணிறச் சிறு முத்துகளும் உடையது. கறையான் வளர்க்கும் காளான் தோட்டமே அது என்பதும், அவ்வெண்முத்துகள் அக்காளானின் உறுப்பு என்பதும் இன்றைய உயிரியல் காட்டும் உண்மை. வேர்விட்டுப் பின்னிய முளைநெல்லும் அதனை ஒருவாறு ஒக்கும் எனலாம். ஆயின் வெண்மை அரும்பிய மேற்புறத்தை முளைநெல்லிற் காண்டல் அரிது.

அடையின் புறத்திற்குப் புலவர் இட்ட அடைமொழியும் இதற்கு அரண் செய்கின்றது. ‘பூம்புறம்’ என்பதற்குப் பொலிவு பெற்ற புறம் என்று பொதுவாகப் பொருள் உரைக்கலாம். ஆயின் பண்டத்தின்மேல் பூஞ்சணம் படர்தலைப் ‘பூத்தல்’ என்றே தமிழர் இன்றும் வழங்குகின்றனர். பூம்புறம் என்பதைப் பூத்த புறம் எனக் கொண்டால் உவமையும் அடைமொழியும் ஒரு பொருள்மேல் வந்து நிற்கும். இடித்த முளையை அடையாகத் தட்டிப் பூக்கவிட்டனர் என்று கொள்ளின் உரைமரபும் சிதையாது.

நாட்கணக்கும் இக்கருத்திற்குத் துணையாகும். அவ்விரு நாட்களைச் சாடியில் இருந்த நாட்களாகக் கொள்ளுதலும் கூடும். ஆயின் செய்யுளின் சொற்கிடக்கை வேறு காட்டுகின்றது. அடை கலத்தல், இனிமை உறுதல், நாள் கழிதல் என்னும் மூன்றும் முன்னர் வர, சாடி அவற்றின் பின்னரே கூறப்படுகின்றது. எனவே இனிப்பேறும் காலம் வேறு. சாடியில் விளையும் காலம் வேறு. நேபாளத்திலும் சிக்கிமிலும் கேழ்வரகு மது சமைப்போர் ‘மர்ச்சா’ என்னும் பூஞ்சண அடையை வெந்த தானியத்திற் கலந்து, நறுமணமும் இனிமையும் தோன்றும்வரை ஓரிரு நாள் வைத்து, பின்னரே மண்கலத்தில் இட்டு வாயடைப்பர். இவ்வொப்புமை தானே சான்றாகாது; எனினும் செய்யுளின் வரிசை தொழிலின் வரிசையே என்பதை நன்கு விளக்குகின்றது.

இனிக் கலங்களை நோக்குவோம். பிழாவின் வாய் மலர்ந்தது; சாடியின் வாய் வலியது. வேறுபாடு பொருளற்றதன்று. கொதிக்கும் களியில் அடையைக் கலந்தால் அதன்கண் உள்ள நுண்ணுயிர் மடியும்; ஆகலின் விரைந்து ஆற வாயகன்ற கலம் வேண்டும். விளையும் மதுவில் காற்று மிகப் புகின் அது புளித்துக் காடியாகும். ஆகலின் இறுக மூடுதற்கு ஏற்ற வாய் வேண்டும். வலிமை அவ்வாய்க்குச் சிறப்பாகக் கூறப்பட்டமை மூடுதற் பொருட்டே எனக் கருதற்கு இடமுண்டு. குறிஞ்சி நில மக்கள் தேனாலாகிய தேறலை மூங்கிற் குழாயில் விளைவித்ததைத் திருமுருகாற்றுப்படையும், நிலத்திற் புதைத்து முதிர்வித்த தேறலைப் புறநானூறும் (120) குறிக்கும். மதுவின் தரம் கலத்தைப் பொறுத்தது என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

மதுவின் பெயர்களும் இதனையே கூறும். அரிக்கப்பட்டது அரியல், பிழியப்பட்டது பிழி, தெளிந்தது தேறல். இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று நிகண்டு நெறியில் நிறுத்திவிட்டால் தொழிலின் படிகள் மறைந்துபோகும். அகநானூறு ‘அரியற் பெண்டிர்’ என ஒரு மகளிர் கூட்டத்தையே சுட்டுகின்றது. நூல் எழுதாத அத்தகையோரின் கைப்பழக்கத்தைப் புலவர் கண்டு, வரிசை பிறழாது பாட்டில் வைத்தார். அதனைப் படிக்கும் நாம் அகராதியோடு அடுக்களையையும் துணைக்கொள்ளுதல் வேண்டும். சங்க நூல்களில் உழவு, நெசவு, உப்பு விளைத்தல் பற்றி வரும் பகுதிகளையும் இம்முறையில் ஆராயின், பொருள் விளங்காச் சொற்கள் பல விளக்கம் பெறும்.