எல்லைக்கோட்டில் நின்ற குழந்தை

வரலாறு என்றதும் நாம் மன்னர்களையும் போர்களையும் தேடிப் போகிறோம். ஒரு சிறுமியின் பொருட்டு இரு நாடுகள் உலக நீதிமன்றத்தின் முன் எதிரெதிரே நின்ற வரலாற்றை நம்மில் பலர் அறியோம். இன்று பல நாடுகளின் குழந்தைகள் நலத் துறைகள் ஒன்றையொன்று கலந்து செயல்படுகின்றன. அதற்கு வழி திறந்த நிகழ்வுகளுள் அவ்வழக்கும் ஒன்று.

அச்சிறுமி 1945-ஆம் ஆண்டு சுவீடனில் பிறந்தவள். தந்தை நெதர்லாந்துக் குடிமகன்; ஆகவே சட்டப்படி அவளும் அந்நாட்டவளே. 1953-இல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு சுவீடனின் குழந்தைகள் நல வாரியம், தன் நாட்டின் 1924-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவளைத் தன் பாதுகாப்பில் ஏற்றது. அதே ஆண்டில் நெதர்லாந்து நீதிமன்றமோ, தந்தையைக் காப்பாளர் பொறுப்பினின்று விடுவித்து, வேறொருவரை நியமித்து, குழந்தையை அவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்டது. இரண்டு அரசுகளும் அவள் நலனையே காரணமாகக் காட்டின. ஆயினும் குழந்தை ஒருத்தியே.

1902-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, சிறுவரின் காப்பாளரை நிர்ணயிப்பது அவர்தம் தாய்நாட்டுச் சட்டமே. இதனைச் சுட்டி நெதர்லாந்து 1957-இல் வழக்குத் தொடுத்தது. 1958 நவம்பர் 28 அன்று பன்னாட்டு நீதிமன்றம், பன்னிருவர் ஆதரவும் நால்வர் எதிர்ப்புமாக, அக்கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அது கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. காப்பாளர் யார் என்பது வேறு. ஆபத்தில் இருக்கும் குழந்தையைச் சமுதாயம் காப்பது வேறு. சுவீடன் அலுவலர் சுவீடன் மண்ணில் நெதர்லாந்துச் சட்டத்தைச் செயல்படுத்த இயலாது. நெதர்லாந்து அலுவலரும் அங்கு வந்து பணிபுரிய இயலாது. எனவே குழந்தை வாழும் மண்ணின் அரசு கைகட்டி நிற்குமானால், அவளைக் காக்க ஒருவரும் இரார்.

தீர்ப்பு வழக்கை முடித்தது, சிக்கலை முடிக்கவில்லை. 1961-இல் எழுந்த புதிய ஹேக் உடன்படிக்கை, குழந்தை வழக்கமாக வாழும் நாட்டின் அதிகாரிகளுக்கு முதன்மை அளித்தது. ஆயினும் தாய்நாடு தலையிடவும் இடம் வைத்தது. அதனால் பழைய மோதல் முற்றும் ஒழியவில்லை. 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையே அதைத் தெளிவாக்கியது. ஒவ்வொரு நாடும் ஒரு மைய அதிகார அமைப்பை நியமிக்க வேண்டும். குழந்தையைப் பிறநாட்டு வளர்ப்புக் குடும்பத்திலோ இல்லத்திலோ சேர்க்குமுன், காரணங்களை விளக்கும் அறிக்கையை அந்நாட்டுக்கு அனுப்பி, அதன் இசைவைப் பெற வேண்டும். அன்று வழக்காடிய இரு நாடுகளிலும் இவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டது: நெதர்லாந்தில் 2011-இல், சுவீடனில் 2013-இல்.

எனினும், அலுவலகங்கள் கைகோத்துவிட்டால் குழந்தைகள் காக்கப்பட்டுவிடுவர் என்று நாம் எண்ணிவிடலாகாது. 1980-களில் இலங்கையிலிருந்து எத்தனையோ குழந்தைகள் நெதர்லாந்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். முத்திரையிட்ட தாள்கள் இருந்தன. அவற்றுள் போலியானவையும் இருந்தன. பெற்ற தாயல்லாத பெண்கள் தாய்மாராக நடித்ததும் உண்டு. வளர்ந்த பின் வேர்களைத் தேடிச் சென்ற பிள்ளைகளுட் பலர், தம் பிறப்புச் சான்றே பொய்யென அறிந்து கலங்கினர். அந்நாட்டு அரசு அமைத்த விசாரணைக் குழு 2021 பிப்ரவரியில் தந்த அறிக்கை, முறைகேடுகளை அரசு நெடுங்காலமாக அறிந்திருந்தும் தக்கவாறு தடுக்கவில்லை எனக் கூறியது. தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கை 1993-இல்தான் பிறந்தது. இலங்கை 1995-இலும் இந்தியா 2003-இலும் அதனை ஏற்றன.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. முதலாவதில் அரசுகள் ஒன்றையொன்று நம்பவில்லை. இரண்டாவதில் ஆராயாமலே நம்பிவிட்டன. இரண்டிலும் வினவப்படாதிருந்தது குழந்தையின் குரலே. நம்பிக்கையும் விசாரணையும் இணைந்து நடந்தாலன்றி ஒத்துழைப்பு என்பது வெறும் கடிதப் போக்குவரத்தாகவே முடியும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கடல்கடந்து குடியேறிய நம் குடும்பங்களில் மணமுறிவு நேரும்போது, தாய் ஒரு நாட்டிலும் தந்தை ஒரு நாட்டிலுமாக, பிள்ளைகள் நடுவில் நிற்கின்றனர். ஒரு நாட்டிலிருந்து முறையின்றிக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தையைத் திரும்ப அனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும், மேற்சொன்ன 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இந்தியா இதுவரை இணையவில்லை. கொடுமைக்கு அஞ்சித் தாயகம் திரும்பும் தாய்மாரின் நிலை என்னாகும் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணம். அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வழக்கு நடக்கும் ஆண்டுகளிலும் குழந்தை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தேசங்கள் வரைந்த கோடுகளை அது அறியாது. தன் கையைப் பற்றியிருப்பவர் யார் என்பதை மட்டுமே அறியும்.