கியர் பெட்டியும் புகைக்குழாயும்

மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தவர்கள் பெரும்பாலும் என்ஜினின் வரலாற்றைச் சொல்லிவிட்டு அமைந்துவிடுகின்றனர். என்ஜினுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு உறுப்புகளை அவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஒன்று, என்ஜினின் வலிமையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் கியர் பெட்டி. மற்றொன்று, எரிந்த வாயுவை வெளியே கொண்டுசெல்லும் குழாய். நம் பட்டறைகளில் சைலன்சர் என்றே அதற்குப் பெயர். மாணவ நண்பர்களே, இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

என்னிடம் பயின்றவர்களில் சிலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். அவற்றுள் பல, தாமே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டிகள். "ஐயா, சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பெரிய குழாயாகப் போட்டால் வண்டிக்கு வேகம் கூடும் என்கிறார்களே, மெய்தானா?" என்று அவர்கள் என்னைக் கேட்பதுண்டு. பௌதிகம் கற்பித்தவன் என்பதால் என்னிடம் கேட்கின்றனர். ஆயினும் இதற்கு முழுமையான விடை பௌதிகத்தில் மட்டும் இல்லை, சரித்திரத்திலும் இருக்கிறது. அது பெரும்பாலும் அமெரிக்க நாட்டுச் சரித்திரம்.

தானியங்கிக் கியரின் பிறப்பிடம் சாலையன்று, கடல். ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் பணிபுரிந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர், நீராவி டர்பைனின் மிகுந்த வேகத்தைக் கப்பலின் உந்துவிசிறிக்கு ஏற்றவாறு குறைத்துத் தருவதற்கு ஒரு வழி தேடினார். 1905ஆம் ஆண்டில் அவர் உரிமம் பெற்ற சாதனத்தில் இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. இடையில் இருப்பது திரவமே. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை எண்ணிக்கொண்டால் ஃபோட்டிங்கரின் கருத்து விளங்கிவிடும்.

இந்தக் கருத்தைப் பொதுமக்கள் வாங்கும் காரில் வெற்றியுடன் அமைத்த பெருமை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேரும். ஏர்ல் தாம்ப்சன் தலைமையில் அங்கே உருவான ஹைட்ராமேட்டிக் என்ற கியர் பெட்டி 1939இல் அறிவிக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் வெளிவந்தது. கிளட்ச் மிதி இல்லை. நான்கு கியர்களும் தாமே மாறின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரின் எம்5 டாங்கியில் இரண்டு காடிலாக் என்ஜின்களோடு இரண்டு ஹைட்ராமேட்டிக் பெட்டிகளும் பொருத்தப்பட்டிருந்தன. போர்க்களத்தையே தாங்கியது என்ற பெயர், சமாதான காலத்தில் விற்பனைக்கு மிகவும் உதவியது.

கியரை எப்போது மாற்றுவது என்று அந்தப் பெட்டி எவ்வாறு அறிந்தது? இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதையே சார்ந்தது. பெட்டிக்குள் இரண்டு எண்ணெய் அழுத்தங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. ஒன்று வண்டியின் வேகத்தோடு வளர்வது. மற்றொன்று, ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கேற்ப வளர்வது. முதலாவது வென்றால் கியர் மேலேறும். ஆகவே மெதுவாக மிதிப்பவருக்கு, என்ஜின் அதிகச் சுற்றுக்குப் போகும் முன்பே கியர் மேலேறிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியின் என்ஜின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குறைந்த சுற்றிலும் நடுத்தரச் சுற்றிலுமே கழிக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

இனிக் குழாய்க்கு வருவோம். வால்வு திறந்தவுடன் சூடான வாயு பீறிட்டு வெளியேறுகிறது. அதனோடு ஓர் அழுத்த அலை, நொடிக்கு 500 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் குழாயில் ஓடுகிறது. குழாய் விரிவடையும் இடத்தை அடைந்ததும் அது திரும்புகிறது. திரும்பும்போது அழுத்தம் குறைந்த அலையாக மாறி வருகிறது. அந்த அலை, வால்வு மூடப்போகும் தறுவாயில் சிலிண்டரை வந்தடைந்தால் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி வெளியேற்றிப் புதுக் காற்றையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். தருணம் தவறி வந்தால் பயனில்லை. சில வேளைகளில் தீங்கும் உண்டு. நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் 50இல் ஒரு பங்கு. 6000 சுற்று என்றால் 100இல் ஒரு பங்கு. அலையின் வேகமோ அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே வேகமாகச் சுழலும் என்ஜினுக்குக் குட்டைக் குழாய் பொருந்தும். நிதானமாகச் சுழல்வதற்கு நீண்ட குழாய் வேண்டும். நாதஸ்வரத்தில் குட்டையான திமிரியும் நீண்ட பாரியும் ஒரே சுருதியில் ஒலிப்பதில்லை அல்லவா? இங்கும் அதே நியதிதான்.

"என்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் இருந்தால்தான் இழுவை இருக்கும்" என்று பட்டறைகளில் கூறுவார்கள். அவர்கள் கண்டது உண்மை. சொல்லும் காரணந்தான் பிழை. அளவுக்கு மீறி அகன்ற குழாயில், குறைந்த சுற்றில் வாயு வேகம் இழந்து சோர்ந்துவிடுகிறது. ஓடும் வாயு தன் பின்னால் வருவதை இழுத்துச் செல்லும் ஆற்றலும் குன்றுகிறது. இழுவை குறைவதற்குக் காரணம் இதுவே. எதிரழுத்தத்தால் என்ஜினுக்கு எந்நாளும் நன்மை இல்லை.

காற்று உட்புகும் குழாய்க்கும் இந்த அலைக் கணக்கு பொருந்தும். அதற்கு 1960ஆம் ஆண்டின் கிறைஸ்லர் 300எஃப் வண்டியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அதன் 6.8 லிட்டர் என்ஜினின் மேல், காற்று புகும் குழாய்கள் 30 அங்குல நீளத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நடுத்தரச் சுற்றில் இழுவை மிகும்படி கணக்கிடப்பட்ட நீளம் அது. மூன்று கியர் கொண்ட டார்க்ஃப்ளைட் என்னும் தானியங்கிப் பெட்டிக்கு அதுவே உகந்தது. குதிரைச் சக்தி 375. பிரான்சு நாட்டிலிருந்து தருவித்த, கையால் மாற்றும் நான்கு கியர் பெட்டியோடும் அவ்வண்டிகளில் மிகச் சில விற்கப்பட்டன. அவற்றில் பொறியாளர்கள் குழாயின் உட்சுவரைக் குறைத்து, அலைக்கு 15 அங்குல நீளமே இருக்குமாறு செய்தனர். சக்தி 400 ஆக உயர்ந்தது. ஆனால் அது உயர்ந்த சுற்றில் கிடைத்தது, நடுத்தரச் சுற்றின் இழுவை தணிந்தது. கியர் பெட்டி மாறியதால் குழாயின் நீளமும் மாறியது. கார் கட்டியவர்களே அறிந்திருந்த இந்த உண்மை, சைலன்சர் வாங்கச் செல்லும் இளைஞரின் காதில் ஏனோ விழுவதில்லை.

கலிபோர்னியாவில் 1950களில் நேர்கோட்டுப் பந்தயம் ஓட்டிய இளைஞர்களும் இதைத் தம் வழியில் கண்டுகொண்டனர். என்ஜினை மட்டும் திருத்தினால், ஹைட்ராமேட்டிக் தன் பழைய வழக்கப்படி கியரை மாற்றிவிட்டது. அதனால் பெட்டியையும் பிரித்து, கியர் மாறும் வேளை ஓட்டுபவரின் கையில் இருக்கும்படி செய்தனர். 1965இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், ஐரோப்பாவின் புகழ்பெற்ற வண்டிகளை வென்ற ஜிம் ஹாலின் சப்பரல் காரில் கிளட்ச் மிதியே கிடையாது. எண்ணெய் வழியாகவே வலிமை பாய்ந்தது. தானியங்கி என்றால் சோம்பேறியின் வண்டி என்று எண்ணுவோர் இதை நினைவில் வைத்தல் நலம்.

அக்காலத்து அமெரிக்க விளம்பரங்களில் காணப்படும் குதிரைச் சக்தி எண்களை நான் அப்படியே ஏற்பதில்லை. 1971 வரை அவை, சைலன்சரும் பிற துணை உறுப்புகளும் இன்றி என்ஜினைத் தனியே ஓட்டி அளந்த எண்கள். 1972 முதல், வண்டியில் உள்ளபடியே புகைக்குழாயையும் சேர்த்து அளந்த எண்ணை வெளியிட்டனர். 8.2 லிட்டர் என்ஜினும் தானியங்கிக் கியரும் கொண்ட காடிலாக் எல்டொராடோ 1971இல் 365 குதிரைச் சக்தி உடையதாக விற்கப்பட்டது. 1972இல் அந்த எண் 235 ஆயிற்று. மக்கள் திடுக்கிட்டனர். அந்தச் சரிவின் பெரும்பகுதி காகிதத்தில் நிகழ்ந்ததே.

ஆனால் எல்லாம் காகிதத்தோடு நிற்கவில்லை. அதே வண்டி 1970இல் 400 என்று எழுதப்பட்டிருந்தது. 1976இல் 190க்கு இறங்கியது. இந்த மெய்யான சரிவின் காரணத்தை அறிய லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் செல்ல வேண்டும்.

மலைகள் சூழ, வெயில் நிறைந்த அந்நகரில் 1943 ஜூலையில் கண்களைக் கரிக்கும் மூட்டம் ஒன்று கவிந்தது. எதிரியின் நச்சுப்புகையோ என்று அஞ்சியவர்களும் உண்டு. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாலந்து நாட்டு வேதியியலார் ஆரி ஹாகன்-ஸ்மித், தம் கருவிகளைக் காற்றின் பக்கம் திருப்பினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் மெய்ப்பித்தார். அந்த மூட்டம் ரப்பரையே வெடிக்கச் செய்ததை அவர் ஓர் அளவுகோலாகக் கொண்டார். ரப்பரை வெடிக்கச் செய்வது குழந்தைகளின் நுரையீரலை விட்டுவைக்குமா? எண்ணெய்த் தொழிலின் பொருளுதவி பெற்ற ஆராய்ச்சியாளர்கள் அவரை மறுத்துப் பார்த்தனர். முடிவில் அவர் கூற்றே நிலைத்தது.

1970 டிசம்பர் 31இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று. கார்களின் புகையில் உள்ள முக்கிய நச்சுகளைச் சில ஆண்டுகளுக்குள் 90 சதவீதம் குறைக்கவேண்டும் என்றது அது. அதற்குரிய கருவி முன்பே கருக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, புகையை எரித்துத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை 1950களிலேயே செய்து பார்த்தார். பெட்ரோலில் கலந்த ஈயம் அதை விரைவில் செயலிழக்கச் செய்தது. ஈயத்தை நீக்கினால், என்ஜின் 'டொக் டொக்' என்று தட்டாமலிருக்க அதன் அமுக்க விகிதத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. எல்டொராடோவில் அது 10இலிருந்து படிப்படியாக 8.5க்கு வந்தது. விகிதம் இறங்கவே சக்தியும் இறங்கியது. 1975 முதல் பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் கன்வெர்ட்டரோடு வெளிவந்தன. அவ்வாண்டுகளில் அதைக் கழற்றி எறிந்து வெறும் குழாய் போட்டவர்கள் பலர். 1977இல் சட்டம் பட்டறைக்காரர்களைத் தடுத்தது. 1990இல் வண்டிக்காரரையும் சேர்த்தே தடுத்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயமற்ற பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் பரவியது.

இழந்த சக்தியை மீட்டுத் தந்ததும் புகைக்குழாயே என்பதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1977ஆம் ஆண்டு மாதிரியான வோல்வோ கார்களில், கலிபோர்னியாவுக்காக, பாஷ் நிறுவனம் செய்த சிறு உணரி ஒன்று குழாயில் செருகப்பட்டது. புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அது அளந்து சொல்ல, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கை மின்னணுக் கருவி விடாது காத்தது. புகையும் குறைந்தது, எரிபொருளும் வீணாகவில்லை. பின்னர் அத்தகைய கணினி, தட்டும் ஓசையையும் கேட்டு என்ஜினைத் திருத்தக் கற்றது. அமுக்க விகிதம் மீண்டும் உயர்ந்தது.

இன்று அந்தக் கணினி ஆட்டோமேட்டிக் பெட்டியோடும் பேசுகிறது. என்ஜின் இப்போது எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்று கணக்கிட்டு, பெட்டிக்குள் இருக்கும் தட்டுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் இறுக்குவது என்பதை முடிவு செய்கிறது. என்ஜினின் கணக்கை மட்டும் திருத்திவிட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்காவிட்டால் தட்டுகள் வழுக்கித் தேய்ந்துவிடும். கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள குழாயை, அளவறிந்து, சற்றுத் தடை குறைந்ததாக மாற்றினால் உயர்ந்த சுற்றில் சிறிது சக்தி கூடலாம். சாதாரண என்ஜினில் அது சொற்பமே, ஓசைதான் மிகும். கன்வெர்ட்டரையே நீக்கினாலோ, அதற்கு அப்பால் காவலிருக்கும் இரண்டாவது உணரி தூய்மை பெறாத புகையைக் கண்டுகொள்ளும்; ஓட்டுபவரின் கண்ணெதிரே, வேகமானியின் அருகில், என்ஜின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும்.