விலையும் செவியும்

பொருளின் அருமையை அதன் விலைகொண்டு அளப்பது மனிதரின் பழைய வழக்கம். செவியின் ஆட்சிக்குட்பட்ட இசையுலகிலும் அவ்வழக்கம் புகுந்த கதையை, ஹெட்போன் என்னும் கருவியின் வரலாறு எடுத்துக் கூறுகின்றது.

1910ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடற்படைக்கு யூட்டா மாநிலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்ணத் தாளில் ஊதா மையினால் அதை எழுதியவர் நதானியேல் போல்ட்வின். தாம் செய்த ஹெட்போனைப் பரிசோதிக்குமாறு அவர் வேண்டியிருந்தார். கடிதத்தின் கோலம் நம்பிக்கை ஊட்டுவதாயில்லை. எனினும், கருவியைச் செவியில் வைத்துப் பார்த்தபோது அதன் சிறப்பு வெளிப்பட்டது. கடற்படை அதனை வாங்க முன்வந்தது. போல்ட்வினோ அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையிலே செய்துகொண்டிருந்தார்! அன்று தீர்ப்பு வழங்கியது செவி, கண் அன்று.

காலம் மாறியது. 1958இல் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகஞ் செய்தார். தந்தியாளரின் தொழிற்கருவி இசை அன்பரின் இன்பக் கருவியாயிற்று. 1960இல் யப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம், மிக மெல்லிய சவ்வை மின்புலத்தால் அசைத்து ஒலியெழுப்பும் ஹெட்போனை விற்பனைக்கு விட்டது. அம்முறையிலே ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1991இல் ஓர்பியஸ் என்ற ஹெட்போனை வெளியிட்டது. செய்யப்பட்டவை ஏறத்தாழ 300 மாத்திரமே. 2015இல் அறிவிக்கப்பட்ட அதன் வாரிசுக்குப் பளிங்குப் பீடம் அமைந்தது. விலையோ சுமார் 50,000 யூரோ.

விலை ஏறியவாறே ஒலியும் உயர்ந்ததா? 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்தார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை ஒவ்வொன்றையும் ஒரு கருவி எவ்வளவு வலிமையுடன் தருகின்றது என்பதற்கும், அதன் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதற்கு முன்னரே, 2012இல், ஷோன் ஒலிவ், டொட் வெல்ட்டி ஆகியோர் கருவியின் பெயரையும் தோற்றத்தையும் மறைத்துச் சோதனை நடத்தினர். கேட்டவர்கள் விரும்பியது சமநிலை குன்றாத ஒலியையே.

இதனால் விலையுயர்ந்தவை யாவும் வீண் என்று கொள்ளலாகாது. நுண்ணிய வேலைப்பாடு, நெடுநேரம் அணிந்தாலும் நோகாத மென்மை, நீடித்த உழைப்பு ஆகியவற்றுக்கும் விலை உண்டு. ஆனால், அவற்றுக்குக் கொடுத்த பணத்தை ஒலிக்குக் கொடுத்ததாக எண்ணுவதே மயக்கம். கருவிகளை ஒப்பிடுவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. இரண்டில் சற்று உரத்து ஒலிப்பதே இனியதாகத் தோன்றுவது செவியின் இயல்பு. ஆகவே, இரண்டையும் ஒரே அளவு வலிமையில் ஒலிக்கச் செய்து, நன்கு பழகிய பாடலொன்றை, எது எதுவென அறியாமற் கேட்பதே நேர்மையான சோதனை.

அத்தகைய சோதனையிலே செல்வர் செவிக்கும் வறியவர் செவிக்கும் வேற்றுமை இல்லை. கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற முதுமொழி, ஹெட்போன் வாங்கச் செல்வோருக்கும் ஏற்ற அறிவுரையாகும்.