கொம்பொலியும் ஈட்டுப்பொறுப்பும்: திண்டுக்கல் 1896 – ஊர்க்காவல் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

மதுரைச் சீமையின் காவல் முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1906இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியரிலிருந்து தொடங்குகிறார்கள். அதைத் தொகுத்த டபிள்யூ. பிரான்சிஸ் ஐ.சி.எஸ். அதிகாரி, சுருக்கமாகவும் சுவையாகவும் எழுதத் தெரிந்தவர். அவர் எழுத்தின் தெளிவே அவர் வாசிப்பை நூறாண்டுக்கும் மேலாக நிலைக்க வைத்தது என்று நினைக்கிறேன். அவர் சொல்வதன் சாரம் இது: குடியானவர் கள்ளர் சாதிக் காவல்காரருக்குக் கொடுத்துவந்த கூலி உண்மையில் மிரட்டிப் பறித்த பணம். கூலி தராதவன் மாடு இரவில் காணாமற் போகும். துப்புக்கூலி என்று ஒரு தொகையை இடையாள் கையில் கொடுத்தால் மறுநாள் எங்காவது ஒரு தோப்பில் கட்டிக் கிடக்கும். ஆகவே காவல் என்பது களவின் மறுபக்கம். இந்த வாசிப்பை ஒப்புக்கொண்டால் 1896இல் திண்டுக்கல் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கும் விளக்கம் தயாராக இருக்கிறது: பொறுத்துப் பொறுத்துச் சலித்த குடியானவர்கள் காவல் என்ற முறையையே ஒழித்துக்கட்ட எழுந்தார்கள்.

துப்புக்கூலி நடந்தது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. பிரான்சிஸ் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் கூலியை மட்டும் பார்த்தார். அந்தக் கூலிக்கு எதிராகக் காவல்காரன் தலைமேல் இருந்த கடனை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும் என்பதே அந்தக் கடன். இதை ஈட்டுப்பொறுப்பு என்று இக்கட்டுரையில் குறிக்கிறேன். 1896இல் திண்டுக்கல் ஊர்கள் செய்தது காவலை ஒழித்ததல்ல, ஈட்டுப்பொறுப்பைக் காவல்காரனிடமிருந்து பிடுங்கி ஊரின் தலையில் ஏற்றிக்கொண்டது என்பதே என் வாதம்.

கிளர்ச்சி பற்றிய விரிவான விவரிப்பு எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில், கள்ளர் பற்றிய பகுதியில் இருக்கிறது. தர்ஸ்டன் எழுதியது என்பதைவிட, அக்கால அலுவலர் குறிப்புகளைத் தொகுத்துத் தந்தது என்பதே சரி. அதில் கிளர்ச்சியின் முகம் அம்மையப்பக் கோன் என்ற இடையர். மாடு களவினால் மிகுதியும் அடிபட்டவர்கள் இடையர்கள்தாம். பெண் விவகாரம் ஒன்றிலிருந்து பகை மூண்டதாகவும் கதை வருகிறது. அலுவலர் எழுத்தில் கிராமத்துக் கிளர்ச்சி எதுவானாலும் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்துவது வழக்கம் என்பதால் அதற்கு நான் அதிக எடை தரவில்லை. எடை தர வேண்டியது அடுத்து வரும் வரிகளுக்கு.

ஊர் ஊராகக் கூடினார்கள். குடியானவனுக்கு அதைவிடப் பெரிய ஆணை இல்லை என்பதால் ஏரின் மேல் ஆணையிட்டார்கள்: இனிக் கள்ளர் காவல் வேண்டாம். மாடு இழந்தவருக்கும் வீடு எரிந்தவருக்கும் ஈடு தர ஒரு நிதி சேர்த்தார்கள். தங்களுக்குள்ளேயே ஆள் பிரித்து இரவில் சுற்றிவர ஏற்பாடு செய்தார்கள். காவல் சுற்றுவோர் கையில் கொம்பு கொடுத்தார்கள். களவு நடந்தால் ஓர் ஊரில் ஊதும் கொம்பு அடுத்த ஊருக்குச் சேதி சொல்லும். கொம்பொலி கேட்டும் வீட்டை விட்டு வெளியே வராதவனுக்கு இவ்வளவு அபராதம் என்று ஒரு விகிதமும் வகுத்தார்கள்.

இந்தக் கடைசி விதியைப் பலர் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மையம். கூலி கொடுத்து ஒருவரைக் காவலுக்கு வைத்த ஊரில், நடுச்சாமத்தில் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளக் குடியானவனுக்கு உரிமை உண்டு, அதற்காகத்தானே கூலி. 1896 ஏற்பாட்டில் அந்த உரிமை போய்விட்டது. கதவைத் திறந்து வருவது கடமையாயிற்று. வராதது தண்டத்துக்குரிய குற்றமாயிற்று. காவல் என்ற முறையை வெறுத்த ஊர் அதைத் தன் ஒவ்வொரு வீட்டின் மேலும் இப்படிச் சுமத்திக்கொள்ளுமா? பிரான்சிஸ் வழியில் பார்த்தால் கள்ளர் போனதும் செலவும் தொலைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. நிதிக்குப் பணம், இரவுக் காவலுக்கு ஆள், தவறினால் அபராதம் என்று குடியானவன் சுமை கூடியதே தவிரக் குறையவில்லை. அதை அவன் மனமுவந்து சுமந்தான். ஆறு மாதம் அப்பகுதியில் களவே இல்லை என்றும், கிணற்றடியில் வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள் என்றும் ஒருவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். புகழ்ச்சி கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் அளவுகோலாக அவர் எடுத்தது நகையையோ நெல்லையோ அல்ல, வாளியை. கிராமத்தில் களவு எந்த மட்டத்தில் உறுத்தியது என்பதை நீதிமன்றப் புள்ளிவிவரத்தைவிட அந்த வாளி நன்றாகச் சொல்கிறது.

அந்த நிதியை அலுவலர் குறிப்பு தீக்காப்பு நிதி என்கிற பொருளில் பெயரிடுகிறது. கூரை வீடுகளும் வைக்கோற்போர்களும் நிறைந்த ஊரில் பழிவாங்க நெருப்புதான் எளிய வழி. காவலை மறுத்தால் கூரை எரியும் என்று எதிர்பார்த்தே முதலில் நிதியைச் சேர்த்திருக்கிறார்கள். வன்முறை வரும் என்று முன்கூட்டிக் கணித்து, இழப்பைப் பங்கிட ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகே ஆணையிட்டார்கள் என்று இந்த வரிசையை நான் வாசிக்கிறேன். குறிப்புகள் இந்த முன்பின்னை இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் ஈட்டுக்கு வழி செய்யாமல் காவல்காரனை விலக்கும் துணிச்சல் எந்த ஊருக்கும் வந்திருக்காது.

இப்படியொரு ஏற்பாடு 1896இல் திடீரென்று முளைத்திருக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று தேடும்போது பின்னோக்கி நெடுந்தூரம் போகும் ஆசை எழும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில் பட்ட ஒருவனைக் குறிக்கிறது. அதுவும் இதே மதுரைச் சீமை. ஆனால் அவன் ஆநிரை கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்பதைக் கல் சொல்லவில்லை. சீமை ஒன்று என்பதற்காக இரண்டாயிரம் ஆண்டை ஒரே கயிற்றில் கட்டுவது வரலாறாகாது.

எனக்கு அதைவிட உதவும் கல் வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் இருக்கிறது. செங்கம் வட்டார நடுகற்களில் பலரும் அறிந்தது அது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரைசர் என்ற தலைவரைச் சார்ந்த கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் போராடிப் பட்டான் என்கிறது கல்வெட்டு. அதே பலகையில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் அருகே அதற்கென்று தனியாகச் சில வரிகள்: கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரை (இங்கே திருடர் என்றே பொருள்) கடித்துக் காத்திருந்தது. ஆண்டைத் திட்டமாகச் சொல்ல முடியாது. மகேந்திரன் 590 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று கொண்டால் இது 624ஐ ஒட்டி விழும். செங்கத்துக் கற்களையே சான்றாக வைத்து அவன் ஆட்சித் தொடக்கத்தை இன்னும் முன்னே தள்ளுவோரும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் வாதத்துக்கு அந்தச் சில ஆண்டுகள் குறுக்கே வரவில்லை.

கல்லில் கவனிக்க வேண்டியது, அது எருமைகளைத் 'தன்' எருமை என்பது. இங்கே கூலிக்காரன் இல்லை, கூலி வாங்கும் தலைவனும் இல்லை. உடையவனே எழுந்து போகிறான். துணைக்கு அவன் நாய். ஆளைப் பற்றிக் கல் 'பட்டான்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. காத்த பெருமையை நாய்க்குத் தருகிறது. எஜமான் விழுந்தபின் அது காத்தது நிரையையா, அவன் உடலையா என்பது இரு வகையாகவும் வாசிக்கத்தக்கது. உடல் என்று வாசிப்பது உருக்கமானது. எனக்கு நிரை என்பதே பொருத்தமாகப் படுகிறது. நிரை பறிபோயிருந்தால் கள்ளரைக் கடித்ததைக் கல்லில் வெட்டும் அளவுக்கு அந்த ஊர் கொண்டாடியிருக்காது. சான்று மெலிந்த இடம் இது, தெரிந்தேதான் அழுத்துகிறேன். உடைமையும் காவலும் ஒரே கையில் இருந்த ஒரு கட்டத்தை இந்தக் கல் காட்டுகிறது என்று கொண்டால், பின்னால் அவை பிரிந்த கதை விளங்கும்.

பிரிவு சோழர் காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. பாடிகாவல் என்பது வரிகளின் வரிசையில் ஒன்றாகக் கல்வெட்டுகளில் வருகிறது. பிற்காலச் சோழர், பாண்டியர் ஆட்சி தளர்ந்த காலத்தில் புதுக்கோட்டைப் பகுதி ஊர்களும் நாடுகளும் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றன, எழுதிக்கொடுத்தன. நிக்கலஸ் டர்க்ஸ் 1987ஆம் ஆண்டு நூலில் புதுக்கோட்டைத் தலைமையின் வேரை இங்கேதான் தேடினார். விற்பவர் ஊரார், வாங்குபவர் ஆயுதம் வைத்திருப்பவர். உரிமை நிலத்தைப் போலக் காணியாகிறது. கதிர்க்கட்டு, நெல் என்று ஊதியமும் வகுக்கப்படுகிறது. அதே நூற்றாண்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று சில ஊர்களை அறிவிக்கும் கற்களும் நடப்படுகின்றன. அஞ்சி ஓடிவருபவனுக்கு இடம் தரும் ஊர் என்று கல்லில் வெட்டிவைக்கும் தேவை வந்த காலம் எப்படிப்பட்ட காலம் என்று விளக்க வேண்டியதில்லை.

இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு பாடிகாவலில் தொடக்கத்திலேயே இருந்ததா என்பது வேறு கேள்வி. விஜயநகர, நாயக்கர் காலத்துக் காவலில் அது இருந்தது என்பதில் ஐயமில்லை. சோழர் கல்வெட்டுகளில் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. காணியாக விலைக்கு வாங்கிய உரிமைக்குக் கடன் எதுவும் ஒட்டியிராது என்று வாதிடலாம். நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். நெருக்கடியில் இருக்கும் ஊர், களவு போனால் கேள்வி கேட்க முடியாத ஒருவனுக்கு ஆண்டுதோறும் அறுவடையில் பங்கு தர ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

பாளையக்காரர் காலம் பலரும் எழுதியது, நீட்ட வேண்டாம். தேசகாவல், ஸ்தலகாவல் என்று இரு அடுக்குகள். பாஞ்சாலங்குறிச்சிப் போரின் பின்னணியில் காவல் வரும்படி பற்றிய தகராறு. 1801க்குப் பின் பாளையக்காரர் ஆயுதமும் காவலும் பறிப்பு. அடுத்து 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி. ஊர்த்தலைவர், கர்ணம், தலையாரி, மேலே தாசில்தார், கலெக்டர் என்று போலீசை அது அடுக்கியது. களவு நடந்தால் தலையாரி சேதி சொல்ல வேண்டும், கள்ளனைப் பிடிக்க உதவ வேண்டும். போன மாட்டுக்கு யார் ஈடு தருவது? பழைய முறையில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தபோதும் விடை திரும்பவில்லை. கள்ளர் காவல் சட்டத்துக்கு வெளியே தொடர்ந்ததன் காரணத்தை மிரட்டலில் மட்டும் தேடக் கூடாது. குடியானவனுக்கு மாடு திரும்ப வேண்டும். கள்ளனுக்கு ஆறு மாதத் தண்டனை கிடைப்பதால் உழவு நடக்காது. துப்புக்கூலி அந்த ஈட்டுப்பொறுப்பின் அழுகிய வடிவம். முன்பு கூலியில் அடங்கியிருந்த மீட்பு, இப்போது தனி விலையாகிவிட்டது. பிரான்சிஸ் பார்த்தது இந்த அழுகலை. அதையே பண்டத்தின் இயல்பு என்று எண்ணிவிட்டார்.

1896 ஏற்பாட்டைப் புகழ்ந்து முடித்துவிடவும் முடியாது. கொம்பு ஒன்றுதான், அதைக் கேட்டுக் கூடிய கூட்டம் எந்தத் தெருவை நோக்கிப் போனது என்பது வேறு. வடக்குப் பகுதியில் கள்ளர் பலர் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டே போனார்கள். சில இடங்களில் எதிர்த்து நின்றார்கள், கலவரம் மூண்டது. ஓர் ஊரில் மூன்று கொலை. கள்ளர் குடியிருப்பு எரிந்து போயிற்று. தீ வைத்தது கள்ளரா, குடியானவர் தரப்புக் கவுண்டரா என்பது கண்டுபிடிக்கப்படவே இல்லை என்று குறிப்பு சொல்கிறது. தங்கள் வீட்டையே அவர்கள் கொளுத்திக்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் அலுவலருக்கு எவ்வளவு எளிதாக வந்திருக்கிறது! தீக்காப்பு நிதி அந்தக் குடியிருப்புக்கு ஈடு தரவில்லை என்பதை ஊகிக்கச் சான்று தேவையில்லை. நிதியில் சேர்ந்தவர் யார், சேர்க்கப்படாதவர் யார் என்பதில்தான் ஊர் என்ற சொல்லுக்கு அன்று எல்லை வகுக்கப்பட்டது. ஒரு சாராரின் முன்னேற்பாடு இன்னொரு சாராருக்கு நேர்ந்த ஆபத்தாக முடிந்தது. ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1978இல் 'குற்றப் பரம்பரை' முத்திரையைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஆனந்த் பாண்டியன் 2005இல் இந்தக் கிளர்ச்சியையே தனிக் கட்டுரையாக ஆராய்ந்தார். அவர்களுக்குப் பிறகும் கிளர்ச்சியைக் குடியானவர் எழுச்சி என்று ஒரே சொல்லில் வாழ்த்துவது கூடாது.

அரசு எடுத்துக்கொண்டது பிரான்சிஸின் பாடத்தை. கூலி குற்றம் என்றால் வாங்குபவன் குற்றவாளி. அவன் ஒருவனல்லன், சாதி முழுவதும். 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1914 முதல் மதுரைப் பகுதிக் கள்ளர் மேல் படிப்படியாக விரிந்தது. பெயர்ப் பதிவு, கைரேகை, இரவில் ஊர் நீங்கத் தடை. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. அத்தனை ஆண்டும் ஆளைக் கட்டி நிறுத்தும் விதிகள் இருந்தன. களவு போன மாட்டுக்கு ஈடு தரும் விதி ஒன்றுகூட அதில் இல்லை. 1816இல் விடுபட்ட கேள்வி அப்படியே கிடந்தது.

இந்த வாசிப்பைத் திருநெல்வேலி மறவர் காவலுக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது. எச். ஆர். பேட் 1917 கெசட்டியரில் அதற்கு நிறைய இடம் தந்திருக்கிறார். அங்கே காவல் பாளையங்களோடு மிக நெருக்கமாகப் பின்னியது. பாளையம் வீழ்ந்தபோது மேலடுக்கு போய்க் கீழடுக்கு மட்டும் நின்றது. ஈட்டுப்பொறுப்பு எந்த அடுக்கில் இருந்தது என்பதை முடிவு செய்த பிறகே மதுரையோடு அதை ஒப்பிட முடியும்.