சீட்டைத் தருவது யார்?

தேர்தல் நெருங்கினால் கதிர்காமத்துத் தேநீர்க் கடைகளில் முதலில் எழும் கேள்வி, "இம்முறை யாருக்கு சீட்டு?" என்பதே. "யாருக்கு ஓட்டு?" என்னும் கேள்வி அதன் பின்னரே வருகிறது. நாம் வாக்களிக்கும் முன்னரே வேறொரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. அந்த முதல் தேர்வு யார் கையில் இருந்தது என்பதைப் புதுவை வரலாற்றில் சற்றே தேடிப் பார்ப்போம்.

பிரெஞ்சு இந்தியாவிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினர் சென்று வந்தார். ஆனால் அப்பதவிக்கு நின்றோர் பெரும்பாலும் பிரான்சு நாட்டினரே. அவர்களுக்கு இங்கே வாக்குத் திரட்டித் தந்தவர்கள் உள்ளூர்த் தலைவர்கள். அவர்களுள் பெரும் செல்வாக்குப் பெற்றவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். 1914இல் போல் ரிஷார் என்பவர் அத்தகைய உள்ளூர்ப் பலமின்றி நின்று தோற்றார். வென்றவர் போல் புளுய்சன்.

நம் முன்னோர்க்கும் இக்கதையில் பங்குண்டு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். வழக்குரைஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லா போர்த் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தில் கிறிஸ்தவர் பலர் இருந்தனர். சமத்துவம் நாடிய அவர்களுக்கு 1884இல் கிடைத்ததோ தனி வாக்காளர் பட்டியல்! ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்கள் ஆயின. பட்டியல்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் பேரம் பேச வல்லவரே வலிமை பெற்றனர். 1899இல் மூன்று இரண்டாயிற்று. இரட்டைப் பட்டியல் ஒழிய 1945 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பட்டியல்கள் மறைந்தன, தலைவரின் கை மறையவில்லை. எதுவார் குபேர் கம்யூன் மேயர்களின் துணையோடு அரசியல் நடத்தினார். 1954 மார்ச்சில் அவர் இந்திய இணைப்பின் பக்கம் திரும்பியபோது மேயர்களும் உடன் திரும்பினர். 2011 பிப்ரவரியில் திரு. ந. ரங்கசாமி புதுக் கட்சி தொடங்கினார். இரண்டே திங்களில் தேர்தல் வந்தது. முப்பது தொகுதிகளுள் பதினைந்தை அக்கட்சி வென்றது. கதிர்காமம், இந்திரா நகர் ஆகிய இரண்டிலும் வென்ற அவர் கதிர்காமத்தை வைத்துக்கொண்டார். மக்கள் நம்பிக்கை வைத்தது ஒரு மனிதர்மீது. அவ்வாறாயின், வேட்பாளரைத் தேர்வதும் அந்த ஒருவர் கைக்கே போவது இயல்பன்றோ?

சட்டமும் இதனைத் தடுப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரு வாக்காளர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். சின்னம் கிடைக்கக் கட்சிப் பொறுப்பாளரின் கையொப்பமே போதுமானது. உறுப்பினரைக் கேட்டு வேட்பாளரைத் தேர வேண்டும் என்று நம் தேர்தல் சட்டம் கூறவில்லை. ஜெர்மனியிலோ, உறுப்பினர்கள் அல்லது அவர்தம் பேராளர்கள் மறைவாக்கெடுப்பில் வேட்பாளரைத் தேர வேண்டும் என்பது சட்டம்.

மக்கள் தம் தெருவில் பார்த்துப் பழகிய ஒருவரை மதிப்பிட உகந்த இடம் உள்ளாட்சி மன்றம். புதுவையிலோ 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்தது நடந்தது 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த நாற்றங்கால் தரிசாகக் கிடந்தது. நாற்றில்லாத வயலுக்கு யாரோ கொண்டுவரும் நாற்றைத்தானே நட வேண்டும்?

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை வாசலுக்கு வந்து வாக்குக் கேட்பவரிடம் ஒரு கேள்வியை நாம் பணிவுடன் முன்வைப்போம்: "ஐயா, எங்களிடம் வருமுன் உங்களைத் தேர்ந்தவர் யார்?" முன்னோர் பட்டியலுக்குள் அடைபட்டனர், நாம் சின்னத்திற்குள் அடைபட வேண்டியதில்லை.