மருதமடு மாதா: அச்சமும் அடைக்கலமும்

மருதமடு மாதா திருத்தலம், மக்கள் வாயில் வெறும் ‘மடு’, வன்னிப் பெருநிலத்தின் காட்டுக்குள் இருக்கும் கத்தோலிக்க யாத்திரைத் தலம். நிர்வாகக் கணக்கில் மன்னார் மாவட்டம். ஆனாலும் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கத்தோலிக்கருக்கு நேர்த்தி என்றால் முதலில் மனதில் வருவது மடுதான்.

தலத்தின் தொடக்கமே ஒரு தப்பியோட்டம். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1670 அளவில், மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தன என்கிறது தல வரலாறு. உயிருக்குப் பயந்து ஓடியவர்கள்தான். சிலையை மட்டும் கைவிடவில்லை.

காட்டில் வேறு பயங்கள் காத்திருந்தன: யானை, காய்ச்சல், பாம்பு. மடு மண் இருக்கும் வீட்டைப் பாம்பு அண்டாது என்ற நம்பிக்கை அங்கிருந்தே பரவியது. திருவிழாவுக்குப் போனவர்கள் வளவு மண்ணில் ஒரு பிடி அள்ளி, கடதாசியில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சைவரும் சிங்கள பௌத்தரும் இதற்கு விலக்கல்ல. கடிபட்டவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியும் விஷமுறிவு மருந்தும்தான், ஐயமில்லை. ஆனால் இருட்டில் வயல் வரம்பில் கால் வைக்கிறவரின் நடுக்கத்துக்கு அந்த மருந்து உதவாது, மண் உதவியது.

1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டப்பட்டது. அந்த நாள் ஆடித் திருவிழாவாகவும் ஆகஸ்ட் 15 ஆவணித் திருவிழாவாகவும் கொண்டாடப்படுகின்றன.

போர் வந்தபோது மடு மறுபடியும் அடைக்கலமானது. 1990 முதல் ஆயிரக்கணக்கானோர் கோயில் வளவில் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். ஐ.நா. அகதிகள் நிறுவனமும் அங்கே நிலையம் நடத்தியது. 1999 நவம்பர் 20 அன்று வளவுக்குள் எறிகணைகள் விழுந்து, தஞ்சமடைந்திருந்த நாற்பது பேர் அளவில் இறந்தனர். இராணுவம், விடுதலைப் புலிகள் என இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம்சாட்டின. மாதாவின் நிழலில் ஒன்றும் நேராது என்று நம்பியவர்களுக்கு அது தாங்க முடியாத அடி. இருந்தும் செபமாலை நிற்கவில்லை. பின்னாளில் பதுங்குகுழிகளுக்குள்ளும் அதே மணிகள்தான் உருண்டன.

2008 ஏப்ரலில் சண்டை வாசலுக்கு வந்ததும் குருக்கள் சிலையைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். ஆகஸ்டில் சிலை மடுவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் கிழக்கே பெயர்ந்த வன்னிச் சனம் போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்கால் வரை போனது. உயிர் தப்பியவர்கள் முகாம்களைத் தாண்டித்தான் ஊர் திரும்பினார்கள்.