லயன்: கோடும் சிங்கமும்

வால்பாறை எஸ்டேட்டுகளில் ‘லயன்’ என்றால் தொழிலாளர் குடியிருக்கும் தொடர்வீட்டு வரிசை. லயன்ஸ் சங்க அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் வரும் ‘லயன்’ சிங்கம். தமிழில் ஒரே எழுத்தில் வந்து நிற்கும் இவ்விரு ஆங்கிலச் சொற்களுக்கும் பிறப்பில் உறவே இல்லை. முன்னதான ‘லைன்’ ஆளிநார் நூலைக் குறித்த லத்தீன் ‘லீனியா’வின் வழிவந்தது, பின்னதன் மூலம் கிரேக்கத்தின் ‘லியோன்’. ஒலி ஒன்றானாலும், தமிழ் ஒன்றைத்தான் தனதாக்கிக்கொண்டது என்பதே என் முடிவு. அதற்கு இலக்கணமே சாட்சி. இலங்கை மலையகத்தில் லயன் ‘லயம்’ ஆயிற்று. நலம் நலன் ஆகும் அதே கடைப்போலிதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. மரம் ‘மரக்கிளை’ ஆவதுபோல லயமும் ஈறு கெட்டு, அறையைக் குறிக்கப் போர்ச்சுக்கீசியம் தந்த காம்பராவோடு சேர்ந்து ‘லயக்காம்பரா’ ஆனது. இரண்டு அந்நியச் சொற்கள் தமிழ்ப் புணர்ச்சி விதிக்குள் கைகோத்துக்கொண்ட அழகு இது!

குதிரை லாயம்தான் லயமாகக் குறுகியது என்பாருண்டு. அந்த அறைகளின் நெருக்கடியைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது நியாயமே. ஆனால் லாயம் தமிழில் இன்றும் நெடிலோடுதான் வழங்குகிறது. அது இங்கு மட்டும் குறுகக் காரணமில்லை. படைவீரர் குடியிருப்பு வரிசையை ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றனர். தோட்டத் துரைமாரும் தொழிலாளர் வரிசைகளை அதே சொல்லால்தான் குறித்தார்கள். தாளத்தின் லயத்துக்கும் இதில் பங்கில்லை.

சிங்கத்தின் கதை வேறு. சிகாகோவில் 1917இல் தோன்றிய சங்கத்தின் பெயராகவும், 1984 முதல் சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸின் பெயராகவும் ‘லயன்’ இங்கே வழங்குகிறது. விலங்கின் பெயராக வேர்விடவில்லை. சிங்கமும் அரிமாவும் இருக்கும்போது அதற்கு என்ன தேவை? அந்தச் சங்கமே ‘அரிமா சங்கம்’ ஆகிவிட்டது. வால்பாறையின் புதுத்தோட்டத்தில் கூரைக்குக் கூரை தாவும் குரங்கின் ஆங்கிலப் பெயரில் லயன் உண்டு. தமிழில் அது சிங்கவால் குரங்கு, சோலைமந்தி.

அப்படியானால் வரிசை, தெரு என்ற சொற்கள் இருந்தும் தொடர்வீட்டுக்கு ஏன் ஆங்கிலம்? தெருவில் வீடு குடியிருப்பவருடையதாக இருக்கலாம், வாடகைக்கும் வரலாம். லயனில் வீடு வேலையோடு வருகிறது, வேலையோடு போகிறது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை முதலாளிமேல் வைத்தது. அதனால் வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகிவிடவில்லை. பணி ஓய்வு பெற்றால் லயனைக் காலி செய்ய வேண்டும்.